முகப்பும் பத்திரமும்

மிச்சிகன் ஏரியின் பரப்பு தமிழ்நாட்டின் பரப்பில் பாதியை நெருங்கும். கரையில் நின்றால் அக்கரை தெரியாது. காற்று வலுத்த நாளில் அலை எழுந்து கரைக் கற்களில் மோதும். அதன் தென்மேற்குக் கரையோரம், சிகாகோவின் மையப் பகுதிக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில், கென்வுட், ஹைட் பார்க் என்னும் இரண்டு குடியிருப்புப் பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அமெரிக்க வீட்டுக் கட்டடக்கலையின் வரலாற்றை நடந்தே பார்த்துவிடக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. சுண்ணாம்புக்கல் முகப்பு வைத்த வரிசை வீடுகள், மூலையில் கோபுரம் எழுப்பிய மாளிகைகள், செங்கல் அடுக்ககங்கள், ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த தாழ்ந்து நீண்ட வீடுகள் என எல்லாம் சில தெருக்களுக்குள் அடங்கியிருக்கின்றன. வழிகாட்டி நூல்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று செய்திகளைச் சொல்லும்: கட்டிய ஆண்டு, வடிவமைத்தவர், பாணி. இந்த மூன்றும் போதா என்பதே என் வாதம். ஒரு வீடு நூறாண்டு நின்று ‘வரலாற்றுச் சிறப்புடையது’ என்று பெயர் வாங்கக் கல்லும் மரமும் கைத்திறனும் காரணம்தான். அந்த மனையின் பேரில் பதிவு அலுவலகத்தில் என்ன எழுதிவைக்கப்பட்டது, யாரை உள்ளே விடாதிருக்க அது எழுதப்பட்டது என்பதும் அதே அளவுக்குக் காரணம். முகப்பைப் படிக்கும் அக்கறையோடு பத்திரத்தையும் படிக்காதவரை இந்த வீடுகளின் கதை பாதிக்கு மேல் நமக்குத் தெரியாமலே போகும்.

தொடக்கம் ஒரு மனை வியாபாரம். 1853-இல் பால் கார்னெல் என்ற வழக்கறிஞர் ஏரிக்கரையில் 300 ஏக்கர் நிலம் வாங்கினார். அதில் 60 ஏக்கரை இல்லினாய் சென்ட்ரல் ரயில் கம்பெனிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு ரயில் நிலையத்தைப் பெற்றார். 1856-இல் ரயில் நின்று செல்லத் தொடங்கியதும் சதுப்பும் மணல்மேடுமாக இருந்த நிலம் நகரத்துப் பணக்காரர்களின் ஏரிக்காற்று வாங்கும் புறநகராயிற்று. அதே ஆண்டில் சற்று வடக்கே ஜான் கென்னிகாட் என்ற பல் மருத்துவர் எட்டு ஏக்கர் வாங்கி வீடு கட்டிக்கொண்டு, ஸ்காட்லாந்தில் தன் தாய் பிறந்த ஊரின் பெயரை அதற்கு வைத்தார்; அதுதான் கென்வுட். 1871 அக்டோபரில் சிகாகோவின் மையம் தீயில் அழிந்தபோது வசதியுள்ள குடும்பங்கள் பல தெற்கே நகர்ந்தன. மரவீட்டின் மீதிருந்த நம்பிக்கை போய்ச் செங்கல்லும் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல்லும் வந்தன. சிகாகோக்காரர்கள் ‘கிரேஸ்டோன்’ என்று பெருமையோடு சொல்லும் சாம்பல் நிறக் கல்முகப்பு வீடுகள் அடுத்த சில பத்தாண்டுகளில் எழுந்தவை.

1889-இல் ஹைட் பார்க் சிகாகோ மாநகரோடு சேர்ந்தது. 1892-இல் ராக்ஃபெல்லரின் பணத்தில் சிகாகோ பல்கலைக்கழகம் அங்கே வகுப்புகளைத் தொடங்கியது. மறு ஆண்டு ஏரிக்கரையின் ஜாக்சன் பூங்காவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இரண்டரைக் கோடிக்கும் மேலான நுழைவுகள் பதிவாயின. பார்வையாளர்களை நம்பி எழுந்த விடுதிகளும் அடுக்ககங்களும் கண்காட்சிக்குப் பின் குடியிருப்புகளாயின. கென்வுடில் இறைச்சித் தொழிலில் பெரும்பொருள் சேர்த்த ஸ்விஃப்ட் குடும்பமும், சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்டும் மாளிகை கட்டினார்கள். அதே கென்வுடில்தான் 1892-இல் இளைஞர் ரைட், தன் முதலாளி லூயிஸ் சல்லிவனுக்குத் தெரியாமல், பிளாசம், மக்ஆர்தர் என்ற இரு குடும்பங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மனைகளில் வீடு வரைந்து கொடுத்தார். அப்படி ஒளிவாகச் செய்த வேலைகளே அவரைச் சல்லிவனின் அலுவலகத்திலிருந்து வெளியேற்றின. 1897-இல் ஹெல்லர் வீடு. 1910-இல் முடிந்த ராபி வீடு. கிடைமட்டமாக நீளும் கூரை, தெருவைப் பார்த்த சன்னல் வரிசை, செங்கல்லின் படுக்கைக் கோட்டை மட்டும் எடுத்துக்காட்டும் பூச்சு என்று ராபி வீடு இருபதாம் நூற்றாண்டின் வீட்டு வடிவத்தையே திசைதிருப்பியது. அதைக் கட்டிய ஃபிரெடரிக் ராபி ஓராண்டுக்குச் சற்று மேல்தான் அதில் வாழ்ந்தார் என்பதை அதன் புகழ் மறக்கடித்துவிடுகிறது.

இந்த வீடுகளின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வரும் வாதம் அதில்தான் ஊன்றியிருக்கிறது. சிகாகோவின் மனைகள் முன்னால் தெருவும் பின்னால் சந்துமாகப் பிரிக்கப்பட்டவை. தெருப்பக்கம் புல்வெளி, படிக்கட்டு, வரவேற்பறை. சந்துப்பக்கம் குப்பை, கரி, பால்காரர் வரும் வழி, வண்டிக் கொட்டகை. கொட்டகையின் மாடியில் வண்டியோட்டி குடியிருப்பார். நிலவறையில் உலை எரிப்பவர். மேல்மாடியிலோ சமையலறைக்குப் பின்புறமோ வேலைக்காரப் பெண்கள். புதுமைக்குப் பெயர்போன ராபி வீட்டிலும் மூன்று கார் நிற்கும் கொட்டகையும் அதன்மேல் பணியாளர் அறைகளும் வீட்டின் பின்பகுதியாகத் தனியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் உள்ள நீண்ட கூடத்தின் தடையற்ற வெளியைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய எழுதியிருக்கின்றன. அந்தத் தடையற்ற வெளி சாத்தியமானதற்கு, வீட்டு வேலை முழுவதையும் பின்னுக்குத் தள்ளிவைத்ததும் ஒரு காரணம். ஒரே கூரையின்கீழ் யார் எந்தப் பக்கம் வாழலாம் என்பது மனைப்பிரிவிலேயே தீர்மானமாகியிருந்தது.

முதல் உலகப் போரின்போது தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்திரளாகச் சிகாகோவுக்கு வந்தார்கள். தெற்கில் கும்பல் கொலையும் பருத்திக் காட்டுக் கடனும். வடக்கில் இறைச்சித் தொட்டிகளிலும் எஃகு ஆலைகளிலும் ஆள் தேவை. 1910-இல் நகரில் 44 ஆயிரமாக இருந்த கறுப்பின மக்கள்தொகை 1920-இல் 1,09,000-ஐயும் 1930-இல் 2,33,000-ஐயும் தாண்டியது. அவர்கள் தங்கக் கிடைத்ததோ கென்வுடுக்கு மேற்கேயும் வடக்கேயும் நீண்டிருந்த ஒரு குறுகிய பட்டை. ‘கறுப்புப் பட்டை’ என்றே அதை அழைத்தார்கள். 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இன அடிப்படையில் நகரைப் பகுதி பிரிக்கும் உள்ளாட்சிச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் கைவிட்ட வேலையைத் தனியார் கையில் எடுத்தார்கள். 1918-இல் கென்வுட் ஹைட் பார்க் சொத்துடைமையாளர் சங்கம் அந்த நோக்கத்துடனேயே அமைந்தது. 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, 29-ஆம் தெருவின் ஏரிக்கரையில் மிதவையில் விளையாடிக்கொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன், தண்ணீரில் யாரும் கோடு போடாத ஓர் எல்லையைக் கடந்துவிட்டான். கரையிலிருந்து வெள்ளையர் ஒருவர் கல்லெறிய, அவன் மூழ்கி இறந்தான். அதிலிருந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். கலவரத்தை ஆராய்ந்த குழு 1922-இல் வெளியிட்ட அறிக்கை, 1917 ஜூலைக்கும் 1921 மார்ச்சுக்கும் இடையில் கறுப்பினத்தவரின் வீடுகள்மீதும் அவர்களுக்கு வீடு விற்றவர்கள்மீதும் 58 குண்டுகள் வீசப்பட்டதைப் பதிவுசெய்கிறது. கரையோர வாழ்வின் அழகு என்று இன்று நாம் பேசுவதற்கு அடியில் இந்தக் குண்டுகளின் சத்தம் இருக்கிறது.

குண்டு அவமானம் தரும், பத்திரம் தராது. 1920-களில் சிகாகோவின் வீட்டுமனைத் தரகர் வாரியம் பத்திரத்தின் வழியைத் தேர்ந்தது. அதன் சார்பில் நேத்தன் மக்செஸ்னி என்ற வழக்கறிஞர் 1927-இல் ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். ஒரு தெருவின் உடைமையாளர்களில் குறிப்பிட்ட விகிதத்தினர் கையெழுத்திட்டுப் பதிவுசெய்தால் போதும்; அந்த மனைகளை யாருக்கு விற்றாலும், வாடகைக்கு விட்டாலும், வாரிசுக்கு எழுதினாலும் கறுப்பினத்தவருக்கு மட்டும் தரக்கூடாது என்ற கட்டுப்பாடு மனையோடு ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகளுக்குத் தொடரும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் வலிமை உடனே புரியும். கடனைப் போல இதைக் கட்டித் தீர்க்க முடியாது. வாங்குகிறவர் அந்த நிபந்தனையையும் சேர்த்தே வாங்குகிறார். அந்த மாதிரி ஒப்பந்தம், எட்டில் ஒரு பங்கு கறுப்பின இரத்தம் இருந்தாலே ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரையறுத்தது. இந்த வரையறை என்னை அதிர வைக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமாக நான் கருதுவது அதிலிருந்த விதிவிலக்கை. நிலவறையிலோ வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையிலோ கார் நிறுத்துமிடத்திலோ உள்ள காவலாளி, காரோட்டி அறைகளிலும், பணியாளருக்கென ஒதுக்கிய அறைகளிலும், அங்கே வேலை செய்யும் கறுப்பினத்தவர் தங்கலாம் என்று அது அனுமதித்தது.

அதாவது ஒப்பந்தம் எழுதியவர் வீட்டின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். முன்கூடம் தடை, நிலவறை அனுமதி. தெருப்பக்கம் தடை, சந்துப்பக்கம் அனுமதி. ஒரே மனைக்குள் சட்டம் கோடு போட்டிருக்கிறது, அந்தக் கோடு கட்டடக்கலைஞர் போட்ட கோட்டின்மீதே செல்கிறது. முகப்பும் பத்திரமும் இரண்டு வேறு ஆவணங்கள் என்று நினைப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இதை எதிர்த்து ஒரு நியாயமான கேள்வி எழும். கலையைக் கலையாகப் பார்க்கக்கூடாதா? ரைட்டின் சன்னல் கண்ணாடியில் விழும் வெளிச்சத்துக்கும் பதினேழு ஆண்டு கழித்து ஒரு தரகர் வாரியம் எழுதிய வாசகத்துக்கும் என்ன தொடர்பு? அந்தக் கண்ணாடியின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை உருவாக்கிய கைகளுக்கு என் மரியாதை குறையாது. ஆனால் வீடு ஓவியம் அன்று. அதில் சமைக்கிறார்கள், பெருக்குகிறார்கள், கரி அள்ளிப் போடுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். யார் எந்த வாசலால் வருவது என்பதை வரைந்தவர் யோசித்தே வரைந்தார். அப்படியிருக்க, வரைபடத்தின் முன்பாதியை மட்டும் கலை என்று எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிடுவது அந்தக் கலைக்கே செய்யும் குறை.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரத்திலிருந்து வரும். மனிதர்கள் தம்மைப் போன்றவர்களோடு வாழ விரும்புகிறார்கள். சந்தை அந்த விருப்பத்தை விலையாக மாற்றியது. பத்திரம் அதை எழுதிவைத்தது, அவ்வளவுதான் என்பார்கள். சந்தை தானாகச் செய்திருந்தால் பத்திரமும் வழக்கும் குண்டும் எதற்கு? விற்க ஒரு வெள்ளையரும் வாங்க ஒரு கறுப்பினத்தவரும் முன்வந்ததால்தான் அவர்களைத் தடுக்கச் சங்கம் தேவைப்பட்டது. 1937-இல் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின மனை வியாபாரி, வாஷிங்டன் பூங்காவுக்குத் தெற்கே ரோட்ஸ் தெருவில் 6140-ஆம் எண் வீட்டை வாங்கினார். விற்றவர் விரும்பியே விற்றார். அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் போனார்கள். வீட்டைச் சுற்றிக் கும்பல் கூடியது. ஒப்பந்தம் செல்லுபடியாக 95 சதவீத முகப்பளவுக்கு உரியவர்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உண்மையில் கையெழுத்திட்டவர்களுக்கு உரிய முகப்பளவு பாதியைச் சற்றே தாண்டியது. எனினும் முந்தைய ஒரு வழக்கில் நிபந்தனை நிறைவேறியதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டதைக் காட்டி, இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பெரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1940 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, ஆனால் நடைமுறைக் காரணத்தால்: தான் தரப்பாக இல்லாத பழைய வழக்கு ஹான்ஸ்பெரியைக் கட்டுப்படுத்தாது என்றது. ஒப்பந்தங்களே செல்லுமா என்ற கேள்வியைத் தொடவில்லை. சந்தையின் இயல்பான ஓட்டம் என்பதற்கு இந்த வழக்கில் எங்கும் இடமில்லை. கையெழுத்து, எண்ணிக்கை, சாட்சி, தீர்ப்பு என்று மனிதர்கள் பிடிவாதமாகக் கட்டிய மதில்தான் தெரிகிறது.

மதிலுக்கு உள்ளே விலை நிலைத்தது. வெளியே நெரிசல் பெருகியது. 1910-இலிருந்து நாற்பது ஆண்டில் கறுப்பின மக்கள்தொகை பதினோரு மடங்காகி 1950-இல் 4,92,000 ஆனது. பட்டை அந்த அளவில் விரியவில்லை. உடைமையாளர்கள் ஆறு அறை வீட்டை ஆறு குடும்பத்துக்குப் பிரித்தார்கள். ஒவ்வோர் அறையிலும் ஓர் அடுப்பும் குளிர்ப்பெட்டியும். தாழ்வாரத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. ‘கிச்சனெட்’ என்று பெயர்பெற்ற இந்த அறைகளைச் செயின்ட் கிளேர் டிரேக்கும் ஹொரேஸ் கெய்ட்டனும் 1945-இல் வெளிவந்த ‘பிளாக் மெட்ரோபாலிஸ்’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். குறைந்த வசதிக்குக் கூடுதல் வாடகை என்பதுதான் அங்கே நியதி. வேறெங்கும் போக முடியாதவர் கேட்ட வாடகையைத் தந்தாக வேண்டும். ஒரு கிரேஸ்டோன் வீடு உழைத்து உழைத்துத் தேய்ந்தது, பக்கத்துப் பகுதியின் அதே வயது வீடு மெருகோடு இருந்தது. பிற்காலத்தில் முதலாவதைச் சேரி என்றும் இரண்டாவதைப் பாரம்பரியம் என்றும் வகைப்படுத்தினார்கள். இரண்டையும் கட்டிய கொத்தனார்கள் ஒரே தலைமுறை, கல் ஒரே சுரங்கம். இடையில் நடந்தது பத்திரம்.

இதில் பல்கலைக்கழகத்தின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. 1933-க்கும் 1947-க்கும் இடையில் இந்த ஒப்பந்தங்களை நீதிமன்றங்களில் காப்பதற்காக அது 80 ஆயிரம் டாலருக்கு மேல் செலவிட்டதை வரலாற்றாளர் ஆர்னால்ட் ஹிர்ஷ் அதன் சொந்த ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டியிருக்கிறார். அக்காலத்தில் பெரும்பகுதியும் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹட்சின்ஸ். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறொரு வழியில் தெரிந்திருக்கலாம். 1937-இல் பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியில் சேர்ந்த சுப்ரமணியன் சந்திரசேகர், சிகாகோ வளாகத்தில் வந்து பாடம் நடத்துவதற்கு அறிவியல் புல முதன்மையர் நிறத்தைக் காரணமாக வைத்து மறுத்தபோது, அந்த மறுப்பைத் தள்ளி அவரை அழைத்தவர் இதே ஹட்சின்ஸ்தான். ஒரு தமிழ் விஞ்ஞானிக்கு வகுப்பறைக் கதவைத் திறந்தவரின் நிர்வாகமே பக்கத்துத் தெரு வீடுகளின் கதவைச் சாத்திவைக்கப் பணம் கொடுத்தது. ஹட்சின்ஸைப் போலி என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. வகுப்பறையில் முடிவெடுக்க ஒரு மனிதரின் நேர்மை போதுமாக இருந்தது. மனையில், ஏற்கெனவே பதிவான நூற்றுக்கணக்கான கையெழுத்துகள் எந்த நல்லவரின் மனத்தையும் கேட்காமல் வேலை செய்துகொண்டிருந்தன. ரோசன்வால்டின் கதையும் இதை ஒட்டியதே. தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிகள் எழ உதவியவர், சிகாகோவில் கறுப்பினக் குடும்பங்களுக்கென 1929-இல் ஒரு நல்ல அடுக்ககத் தொகுதியே கட்டியவர். ஆனால் அந்த அடுக்ககம் எழுந்தது பட்டைக்குள், 47-ஆம் தெருவில். அவர் வாழ்ந்த கென்வுடின் கதவு அவர் காலத்தில் திறக்கவில்லை.

1948-இல் ஷெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றம் நிறைவேற்றித் தரக்கூடாது என்றது. கதவு திறந்ததும் ஹைட் பார்க்கின் முகம் விரைவாக மாறியது. 1960 மக்கள்தொகைக் கணக்கில் பத்தில் நான்கு பேர் அளவுக்குக் கறுப்பினத்தவர். கென்வுட் மாளிகைகள் பல அதற்கு முன்பே, பொருளாதார மந்தத்திலும் போர்க்கால வீட்டுப் பஞ்சத்திலும், அறை அறையாக வாடகைக்குப் போயிருந்தன. 1949-இல் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து நடத்திய ஒரு குடியிருப்போர் மாநாடு உருவானது; இரு இனத்தவரும் சேர்ந்து வாழும் பகுதியாக இதைத் தக்கவைக்க வேண்டும் என்ற அவர்களின் எண்ணம் உண்மையானது, அக்காலச் சிகாகோவில் துணிச்சலானதும்கூட. 1952-இல் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் ஜூலியன் லெவி தலைமையில் இன்னொரு ஆணையம் வந்தது. அது சட்டத்தையே திருத்த வைத்தது, மத்திய அரசின் நிதியைக் கொண்டுவந்தது, இடிக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. 1958-இல் மாநகர மன்றம் இந்த நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 55-ஆம் தெருவின் மதுக்கடைகள், ஜாஸ் இசைக்கூடங்கள், மலிவு அடுக்ககங்கள் போயின. தெருவின் நடுவிலேயே ஐ. எம். பெய் வடிவமைத்த இரண்டு பத்துமாடிக் கட்டடங்கள் 1961-இல் எழுந்தன. ஏழைகளுக்கு மாற்று வீடு இத்திட்டத்தில் இல்லை என்று கத்தோலிக்கப் பாதிரியார் ஜான் ஈகன் பகிரங்கமாக எதிர்த்தார், திட்டம் நிற்கவில்லை. 1960-இல் 45 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஹைட் பார்க் மக்கள்தொகை பத்தே ஆண்டில் 33 ஆயிரமளவுக்கு இறங்கியது.

ராபி வீடு தப்பியதும் இந்த நேரத்தில்தான். 1926 முதல் அதை வைத்திருந்த இறையியல் கல்லூரி, மாணவர் விடுதி கட்டுவதற்காக 1957-இல் அதை இடிக்க முடிவுசெய்தது. தொண்ணூறை எட்டிய ரைட்டே நேரில் வந்து எதிர்த்தார். 1958-இல் வீட்டை விலைக்கு வாங்கிக் காத்தவர் வில்லியம் செக்கண்டார்ஃப். அவருடைய நிறுவனம்தான் ஹைட் பார்க் புதுப்பிப்பின் கட்டுமான ஒப்பந்தக்காரர். இடிப்புத் திட்டத்தின் அலுவலகமாக ராபி வீட்டையே அது சில ஆண்டு பயன்படுத்திக்கொண்டு, 1963-இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாகத் தந்தது. 2019-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு வீட்டைக் காத்த அதே மேசையில் சுற்றிலும் இடியும் வீடுகளின் கணக்கும் எழுதப்பட்டது. எந்த வீடு நிற்கும், எது விழும் என்பதை இங்கே தீர்மானித்தது காலத்தின் தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது மறுப்பே வலுவானது, அதற்கு நான் பாதியளவு உடன்படுகிறேன். அந்தப் புதுப்பிப்பு நடந்திராவிட்டால் கென்வுடின் மாளிகைகளே இன்று இருந்திருக்காது என்பார்கள். சான்றும் காட்டுவார்கள். திட்டத்தின் வடக்கெல்லை 47-ஆம் தெரு. அதற்கு வடக்கே, கென்வுடின் இன்னொரு பாதியில், அதே காலத்து அதே தரத்து வீடுகள் நூற்றுக்கணக்கில் தீயிலும் இடிப்பிலும் மறைந்து, வரிசைக்கு நடுவே வெற்று மனைகளாகின. தெற்கே வுட்லானிலும் அப்படியே. ஹைட் பார்க்கோ கற்களைக் காத்தது, இரு இனத்தவரும் வாழும் பகுதியாகவும் நிலைத்தது. பிற்காலத்தில் முகமது அலியும் பராக் ஒபாமாவும் கென்வுடில் வீடு வாங்கினார்கள். 1960-களில் சந்திரசேகரும் கவிஞர் ஏ. கே. ராமானுஜனும் பணிபுரிந்த பல்கலைக்கழகச் சூழல் இதுவே. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் 47-ஆம் தெரு எல்லை எனக்குச் சொல்வது வேறு. கோட்டுக்குத் தெற்கே வங்கிக் கடன், போலீஸ், மத்திய நிதி, சட்டப் பாதுகாப்பு எல்லாம் வந்தன. வடக்கே ஒன்றும் வரவில்லை. அங்கே வீடுகள் விழுந்தது அங்கே வாழ்ந்தவர்கள் காக்கத் தெரியாதவர்கள் என்பதால் அன்று. வுட்லான் மக்கள் சமூக அமைப்பாளர் சால் அலின்ஸ்கியின் துணையோடு அமைப்பாகத் திரண்டு, 61-ஆம் தெருவுக்குத் தெற்கே விரிவதில்லை என்று பல்கலைக்கழகத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள். அக்கறை அவர்களிடம் நிறையவே இருந்தது. கடனும் காப்பீடும் மறுக்கப்பட்ட தெருவில் கூரையை யாரால் மாற்ற முடியும்? காக்கப்பட்டது நல்லதே. யாருடைய இடப்பெயர்வில் அது காக்கப்பட்டது என்பதையும் பாரம்பரியத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும்.

1979-இல் கென்வுட் சிகாகோவின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாயிற்று. இத்தகைய பகுதிகளில் சட்டம் பொதுவாகக் காப்பது தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வெளிச்சுவர்களையும் கூரைக்கோட்டையும். மிக அவசியமான சட்டம் அது. அது இல்லாவிட்டால் பல வீடுகள் எப்போதோ போயிருக்கும். ஆனால் அதன் பார்வை தெருப்பக்கத்துப் பார்வை. ஒரு காலத்தில் ஒப்பந்தம் கறுப்பினத்தவரைத் தள்ளிவைத்த நிலவறையும் பின்கட்டும் அந்தப் பார்வைக்கு அநேகமாக எட்டுவதில்லை.

அண்மைக் காலத்தில் சிகாகோவின் பட்டியலில் வேறு வகை வீடுகள் சேரத் தொடங்கியிருக்கின்றன. 2010-இல் ஹான்ஸ்பெரியின் ரோட்ஸ் தெரு வீடு. அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது ஏழு வயதாயிருந்த மகள் லொரைன், பின்னாளில், 1959-இல் மேடையேறிய ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தை எழுதியவர். 2021-இல், இனவெறிக்குப் பலியான சிறுவன் எம்மெட் டில்லும் அவன் தாயும் வாழ்ந்த வுட்லான் செங்கல் வீடு. அதே ஆண்டில் வடக்குக் கென்வுடில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் வீடு. அதன் நிலவறையில்தான் அவர் குழு பயிற்சி செய்தது. கட்டடக்கலையில் இவை சிகாகோவில் ஆயிரமாயிரம் உள்ள சாதாரண வீடுகள். பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் எவர் கையும் இவற்றில் இல்லை. ஹான்ஸ்பெரி வீடு வரலாற்றுச் சின்னமானதில் லொரைனின் எழுத்தோடு அதன் பத்திரத்துக்கும் வழக்குக்கும் பங்குண்டு. ஆக, பத்திரத்தையும் சேர்த்துப் படிப்பது நடைமுறைக்கு ஒவ்வாத வேண்டுகோள் என்று யாரும் சொல்ல முடியாது. மாநகரமே ஏற்கெனவே அப்படிப் படித்துக் காட்டியிருக்கிறது. ஏழைப் பகுதியின் வீடுகளில் பத்திரத்தைப் படிப்பவர்கள், கென்வுட் மாளிகைகளின் முன் நிற்கும்போது மட்டும் ஏன் முகப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்?

இல்லினாயில் 2022 முதல் நடப்பிலுள்ள ஒரு சட்டம், தம் பத்திரத்தில் கிடக்கும் இத்தகைய வாசகத்தை நீக்கிப் பதிவுசெய்ய வீட்டுக்காரர்களுக்கு வழி தருகிறது. தான் வாழும் வீட்டின் தாளில் அப்படியொரு வரி இருப்பதை யார் பொறுப்பார்? நீக்கும் உரிமை நியாயமானது. ஆனால் நீக்கிய பத்திரத்தோடு பழைய பக்கமும் குக் கவுண்டியின் பதிவேட்டில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. சுண்ணாம்புக்கல் முகப்புக்கு ஆயிரம் புகைப்படங்கள் உண்டு. எந்தத் தெருவில் யார் யார் கையெழுத்திட்டார்கள், எந்த வீட்டுக்காரர் மறுத்தார் என்பதற்கு அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி அநேகமாக இல்லை. கையெழுத்திட மறுத்தவர்களும் இருந்தார்கள். ஹான்ஸ்பெரி வழக்கில் 95 சதவீதம் சேராமல் போனதே அவர்களால்தான்.